கல்லைப் பேசவைத்த புரூஸ் ஃபூட்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை கூடி விழா எடுக்கும்போது, தமிழின் தொன்மையைப் பற்றி யாரேனும் ஒருவர் பேசாமல் இருப்பதில்லை. நம் மலர்களிலும் அதுபற்றிய கட்டுரை ஒன்றேனும் இடம்பெறாத ஆண்டு அரிது. தொன்மை என்றவுடன் நாம் சங்க நூல்களை நினைக்கின்றோம், கோயில் கல்வெட்டுகளை நினைக்கின்றோம், செப்பேடுகளை நினைக்கின்றோம். இவையெல்லாம் எழுத்து வந்த பிறகு தோன்றியவை. எழுத்து வருவதற்கு முன்னும் மனிதன் இந்நிலத்தில் வாழ்ந்தான் அல்லனோ? அவன் என்ன உண்டான், எதனை ஏந்தி வேட்டைக்குச் சென்றான், எங்கே உறங்கினான், எதனை வணங்கினான் என்று அறிவது எங்ஙனம்? அவன் ஏடு எழுதிவைக்கவில்லை. கல்லை மட்டுமே விட்டுச் சென்றான். அந்தக் கல்லையும் நாம் நெடுங்காலம் காலால் மிதித்துக்கொண்டே நடந்தோம். அதைக் குனிந்து எடுத்து, இது மனிதன் கை பட்ட கல் என்று இந்தியாவில் முதன்முதலில் மெய்ப்பித்துக் காட்டியவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர். நம்மைப் போலவே பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து, வந்த இடத்தையே வாழ்விடமாகக் கொண்ட அப்பெருமகனாரின் வாழ்க்கையை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமென்று கருதுகின்றோம்.

இளமையும் பணியும்

இங்கிலாந்து நாட்டில் செல்டனாம் என்னும் ஊரில் 1834 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் புரூஸ் ஃபூட் பிறந்தார். அக்காலத்தில் இந்தியாவில் நிலக்கரியும் கனிவளமும் எங்கெங்கு உள்ளன என்று ஆராய்வதற்காக நிலவியல் ஆய்வுத்துறை ஒன்று 1851 இல் தொடங்கப்பட்டிருந்தது. அதன் தலைவராக இருந்தவர் தாமஸ் ஓல்டாம். இத்துறையில் 1858 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தம் இருபத்துநான்காம் வயதில் ஃபூட் பணியேற்றார். தென்னிந்தியாவே அவருக்குக் கிடைத்த களமாயிற்று. அன்றுமுதல் முப்பத்துமூன்று ஆண்டுகள் அத்துறையில் அவர் உழைத்தார்.

நிலவியலாளரின் தொழில் நாற்காலியில் அமர்ந்து செய்யும் தொழிலன்று. கூடாரமும் சுத்தியலும் நிலப்படக் கருவிகளும் கொண்டு, மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று, பாறையையும் மண்ணையும் ஆற்றுப் படுகையையும் அடுக்கடுக்காக ஆராய வேண்டும். இருப்புப்பாதை பெரும்பாலான ஊர்களை எட்டாத அந்நாளில் மாட்டுவண்டியும் குதிரையும் கால்நடையுமே துணை. தென்னாட்டின் ஆற்றங்கரைகளையும் குன்றுகளையும் ஃபூட் அறிந்த அளவு அந்நாளில் அறிந்தவர் மிகச் சிலரே. இந்த நடையே பின்னாளில் அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது.

அவருடைய இல்வாழ்க்கையிலும் தமிழோடு ஓர் உறவு ஏற்பட்டது. யாழ்ப்பாணத்தில் சமயப் பணியும் கல்விப் பணியும் ஆற்றியவரும், ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவரும், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி நூலாக வெளியிட்டவருமான பீட்டர் பெர்சிவல் பாதிரியாரை நம்மில் பலர் அறிவர். பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் விளங்கியவர் அவர். அப்பெர்சிவலின் மகள் எலிசபெத் அம்மையாரையே ஃபூட் மணந்தார். மாமனார் மக்களின் நாவில் வழங்கிய பழமொழிகளைத் திரட்டினார். மருமகனார் மக்களின் காலடியில் கிடந்த பழங்கற்களைத் திரட்டினார். இருவர் திரட்டியவையும் பிறர் எவரும் பொருட்படுத்தாது விட்டவையே.

பல்லாவரத்துச் சரளைமேடு

ஃபூட் இந்தியாவுக்கு வந்த காலம் உலக அறிவியலில் ஒரு திருப்புமுனையான காலம். பிரான்சு நாட்டில் சோம் ஆற்றுப் படுகையில் பூஷே த பெர்த் என்னும் சுங்க அலுவலர், மறைந்தொழிந்த விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செய்த கல்லாயுதங்களும் கிடைப்பதைக் கண்டு பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். அறிஞர் உலகம் அவரை நம்பவில்லை. 1859 இல் பிரெஸ்ட்விச், எவான்ஸ் ஆகிய ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து, அவர் கூற்று மெய்யே என்று அறிவித்தனர். டார்வினின் பெருநூலும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. மனிதன் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்ற எண்ணம் ஆட்டங்கண்டது.

இச்செய்திகளைப் படித்த ஃபூட், ஐரோப்பாவில் கிடைப்பவை இந்தியாவில் கிடைக்காமலா போகும் என்று எண்ணினார். எண்ணியதோடு நில்லாமல் போகுமிடமெல்லாம் தேடினார். 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள், சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் படையினர் அணிவகுக்கும் திடலை ஒட்டிச் சரளைக்காகத் தோண்டப்பட்ட ஒரு குழியை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே செம்புரைச் சரளைக்கிடையே கிடந்த ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. அது குவார்ட்சைட் என்னும் உறுதியான கல்வகையைச் சேர்ந்தது. இயற்கையில் உடைந்த கல்லுக்கு இல்லாத ஓர் ஒழுங்கு அதனிடம் இருந்தது. இரு பக்கங்களிலும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, ஒரு முனை குவிந்து, மறுமுனை கைக்கு அடங்குமாறு அமைந்திருந்தது. அது ஆதிமனிதன் செய்த கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் என ஒன்று இருந்தது என்பதற்கு அடையாளம் கண்டறியப்பட்ட முதற்சான்று அதுவே. அன்று ஃபூட்டுக்கு வயது இருபத்தெட்டு.

ஒரு கல்லை வைத்துக்கொண்டு உலகை நம்பவைக்க இயலாது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். ஆற்று வெள்ளத்தில் உருண்டு மோதிய கல்லும் சில வேளைகளில் ஆயுதம்போல் தோற்றமளிக்கக்கூடும். ஆகவே மேலும் தேடினார். அதே ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், தம்முடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரோடு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார். கொசஸ்தலையாற்றின் வடிநிலத்தில், ஓடைநீர் மண்ணை அரித்துச் சென்ற இடங்களில், கைக்கோடரிகளும் பிளக்கும் கருவிகளும் ஏராளமாகக் கிடந்தன. மேற்பரப்பில் மட்டுமன்றி, மண்ணடுக்கினுள் புதைந்தபடியும் அவை காணப்பட்டன. மண்ணடுக்கில் பதிந்து கிடந்த கருவியை நேற்றோ இன்றோ எவரோ எறிந்துவிட்டுச் சென்றதென்று யாரும் தள்ளிவிட முடியாது. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எவ்வகைச் சரளையோடு கிடைத்தது என்று ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார். சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களில் கிடைத்த கல்லாயுதங்களைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை 1866 இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் அச்சாயிற்று. 1868 இல் இலண்டன் நிலவியல் கழகத்தின் இதழிலும் அவருடைய ஆராய்ச்சி வெளிவந்தது. இக்கருவிகளின் புகழால், கைக்கோடரி மரபுக்கே சென்னையின் பெயரை இட்டு வழங்கும் வழக்கம் தொல்லியல் உலகில் ஏற்பட்டது.

குகையில் கிடைத்தவை

பல்லாவரத்தோடு அவர் பணி நின்றுவிடவில்லை. ஆந்திர நாட்டில், அன்று கர்நூல் மாவட்டத்தில் இருந்த பேதஞ்செர்லா என்னும் ஊருக்கு அருகே பில்லசுர்க்கம் எனப்படும் சுண்ணாம்புக் குகைகள் உள்ளன. அவற்றில் பழைய எலும்புகள் இருப்பதை நியூபோல்டு என்னும் படைத்தலைவர் முன்னரே குறித்திருந்தார். புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி, அக்குகைகளை முறையாக அகழ வேண்டுமெனச் சென்னை ஆளுநர் கிராண்ட் டஃபுக்கு எடுத்துரைக்க, அப்பொறுப்பு ஃபூட்டிடம் வந்தது. 1883 இலும் 1884 இலும் அகழ்வு நடைபெற்றது. பீரங்கிப் படையில் அலுவலராக இருந்த அவருடைய மகன் ஹென்றியும் தந்தையோடு இப்பணியில் ஈடுபட்டார்.

அக்குகைகளில் கிடைத்த எலும்புகளுள் காண்டாமிருகத்தின் எலும்பும் இருந்தது. இன்று தென்னாட்டுக் காடு எதிலும் காண்டாமிருகம் இல்லை. நாம் காணும் இதே குன்றுகளிடையே வேறொரு காடும் வேறொரு விலங்குக் கூட்டமும் இருந்த காலம் உண்டு என்பதை அவ்வெலும்புகள் காட்டின. கூர் தீட்டியவைபோலத் தோன்றிய எலும்புத் துண்டுகளையும் ஃபூட் எடுத்துக் காட்டினார். அவையனைத்தும் மனிதன் செய்தவைதாமா என்பதில் பின்வந்தோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கர்நூல் குகைகளை ஆராய்ச்சி உலகின் கண்முன் நிறுத்திய பெருமை அவருடையதே. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் ஆய்வாளர்கள் அக்குகைகளுக்குத் திரும்பச் சென்று அகழ்ந்துள்ளனர்.

அரக்கனின் சாம்பலா, ஆநிரையின் சாம்பலா?

ஃபூட்டின் அறிவுத் திறனை நாம் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டுமானால் பல்லாரிச் சீமையின் சாம்பல் மேடுகளைப் பற்றி அறிதல் வேண்டும். கர்நாடகத்தின் பல்லாரிப் பகுதியிலும் அதனைச் சூழ்ந்த ஆந்திர, தெலங்கானப் பகுதிகளிலும், சாம்பலும் உருகிக் கட்டியான கசடும் நிறைந்த மேடுகள் ஆங்காங்கே உள்ளன. சில மேடுகள் ஒரு வீட்டின் உயரத்துக்கு மேலும் ஓங்கியவை. குடத்தினி என்னும் ஊரருகே இருக்கும் மேட்டினை, பீமனால் கொல்லப்பட்ட இடிம்பன் என்னும் அரக்கனை எரித்த சாம்பல் என்று ஊரார் சொல்லிவந்தனர். எரிமலையின் கசடு என்றனர் சிலர். பெரும்போரில் மாண்டோரை எரித்த இடம் என்றும், நரபலியிட்ட வேள்விக்களம் என்றும் கருதினர் வேறு சிலர்.

ஃபூட் அம்மேடுகளை நேரில் ஆராய்ந்தார். அவற்றைச் சுற்றிலும் புதிய கற்காலத்து மழமழப்பான கற்கோடரிகளும், மட்கல ஓடுகளும், மாட்டெலும்புகளும் கிடப்பதைக் கண்டார். ஆப்பிரிக்காவில் பயணம் செய்தோர் எழுதிய நூல்களில், அங்குள்ள மக்கள் முள்வேலியிட்ட பட்டிகளில் மாடுகளை அடைப்பதையும், அங்குச் சேரும் சாணக் குவியல் தீப்பற்றி எரிவதையும் அவர் படித்திருந்தார். இரண்டையும் ஒப்புநோக்கினார். இச்சாம்பல் அரக்கனுடையதுமன்று, மனிதருடையதுமன்று. கற்கால மக்கள் அடைத்துவைத்த ஆநிரைகளின் சாணம் எரிந்த சாம்பலே என்று முடிவு கண்டார். சாணத்தில் கலந்துள்ள புல்லின் மணற்சத்து கடுந்தீயில் உருகிக் கண்ணாடிக் கசடாக மாறுகிறது என்பது இம்முடிவுக்கு அரண் செய்தது.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் மறைந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1957 இல், ஆல்சின் என்னும் அறிஞர் தெலங்கானத்தின் உத்னூரில் ஒரு சாம்பல் மேட்டை அகழ்ந்தார். பட்டியைச் சூழ நட்ட மரத்தூண்களின் குழிகளும், மண்ணில் பதிந்த மாட்டுக் குளம்பின் சுவடுகளும் வெளிப்பட்டன. ஃபூட்டின் கூற்று உறுதியாயிற்று. அம்மேடுகள் கிறித்துவுக்கு முன் மூன்றாம், இரண்டாம் ஆயிரத்தாண்டுகளைச் சேர்ந்தவை எனக் கண்டனர். அம்மக்கள் பட்டியை எரித்தது தற்செயலாகவன்று, பருவந்தோறும் நிகழ்ந்த ஏதோ ஒரு சடங்காகவே இருத்தல் கூடும் என்றும், இன்றும் தென்னாட்டில் பொங்கல், சங்கராந்தி நாள்களில் மாடுகளுக்குச் செய்யும் சிறப்பிலும் தீவளர்த்து அவற்றை ஓட்டும் வழக்கத்திலும் அதன் எச்சத்தைக் காணலாம் என்றும் ஆல்சின் கருதினார். கருநாடகச் சிற்றூர்களில் சங்கராந்தியன்று மாடுகளை நெருப்பைத் தாண்டச் செய்வதைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கலாம். அவ்வழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழமானதாக இருக்கக்கூடும் என்று எண்ணும்போது வியப்பே மிகுகின்றது.

ஓசை எழுப்பும் பாறைகள்

பல்லாரி நகருக்கு வடகிழக்கே சில கல் தொலைவில் குப்கல் குன்று உள்ளது. அதனை அடுத்த ஊர் சங்கனகல்லு. இக்குன்றில் புதிய கற்காலத்துக் கற்கோடரிகள் பேரளவில் செய்யப்பட்ட பட்டறையை ஃபூட் கண்டறிந்தார். அரைகுறையாகச் செதுக்கியவை, செய்யும்போதே உடைந்தவை, தீட்டி முடித்தவை, உதிர்ந்த சில்லுகள் ஆகிய எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. ஒரு கோடரி பாறையிலிருந்து பெயர்ந்து கைக்கு வரும்வரை கடந்த படிகள் அனைத்தையும் அங்கே வரிசைப்படுத்திப் பார்க்க முடிந்தது. கற்கால மனிதன் காட்டில் திரிந்து கண்டதைப் பொறுக்கி வாழ்ந்தவன் மட்டுமல்லன். கைத்தொழில் அறிந்தவன், கூடி உழைத்தவன் என்பதற்கு இதைவிடச் சான்று வேறு வேண்டுமா?

இதே குன்றில் கரும்பாறைகள் தொடராக ஓடும் பகுதியில் பாறைச் செதுக்குருவங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நீண்ட கொம்பும் திமிலும் உடைய மாடுகள், மனித உருவங்கள் ஆகியவை பாறையின் மேற்தோலைக் கல்லால் கொத்திக் கொத்தி உருவாக்கப்பட்டவை. இவற்றைப் பற்றி 1892 இல் ஃபாசெட் என்பார் எழுதினார். ஃபூட்டும் தம் தொல்பொருட் குறிப்புகளில் இவற்றுக்கு இடமளித்தார். பின்னர் நெடுங்காலம் இவை பெரும்பாலும் மறக்கப்பட்டே கிடந்தன. 2004 இல் நிக்கோல் பொய்வின் என்னும் ஆய்வாளர் இவற்றை மீண்டும் விரிவாக ஆராய்ந்து எழுதியபோது ஒரு புதுமை தெரியவந்தது. அங்குள்ள சில பாறைகளில் கிண்ணம்போல் குழிந்த தேய்வுகள் உள்ளன. அவ்விடங்களில் கல்லால் தட்டினால் மணியோசைபோன்ற ஒலி எழுகின்றது. ஆகவே அக்குன்று வெறும் பட்டறையாக மட்டும் இருந்ததில்லை. உருவம் செதுக்கி, பாறையை ஒலிக்கச் செய்து, மக்கள் கூடிய வழிபாட்டிடமாகவும் இருந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. தொழிலும் கலையும் வழிபாடும் ஒரே குன்றில் ஒன்றியிருந்த காட்சி அது.

இங்கே மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். புதிய கற்காலத்துக் கோடரிகளைச் சேர்வராயன் முதலிய தமிழக மலைகளில் வாழும் மக்கள் நிலத்தில் கண்டெடுத்துச் சிறு கோயில்களிலும் மரத்தடிகளிலும் வைத்துப் பிள்ளையாராகவும் சாமியாகவும் வணங்கிவந்துள்ளனர். அது யார் செய்தது என்று அவர்கள் அறியார். ஆனால் அது வழியிலே எறியத்தக்க கல்லன்று என்பதை உணர்ந்திருந்தனர். பல கருவிகள் அழியாமல் தப்பியதற்கு அவ்வழிபாடும் ஒரு காரணமாயிற்று.

தாமிரபரணிச் சீமையும் சபர்மதிக் கரையும்

திருநெல்வேலிச் சீமையில் தேரி என வழங்கும் செம்மணல் மேடுகளை ஃபூட் நிலவியல் நோக்கில் ஆராய்ந்து 1883 இல் எழுதினார். அங்கே சாயர்புரம் பகுதியில் நுண்ணிய கற்கருவிகள் கிடைப்பதையும் கண்டார். பிற்காலத்தில் சாய்னர், ஆல்சின் ஆகியோர் அத்தேரிகளை ஆராய்ந்து 1956 இல் வெளியிட்ட கட்டுரைக்கு அதுவே முன்னோடி. பனைமரம் நிற்கும் அத்தேரியில் நடந்து பழகிய குடும்பங்கள் நம் காலனியிலும் இருக்கலாம்.

நிலவியலிலும் அவருடைய தொண்டு சிறிதன்று. தென்னாட்டின் மிகப் பழைய பாறைத் தொகுதி ஒன்றைத் தனியே பிரித்தறிந்து அதற்குத் தார்வார் தொகுதி என்று பெயரிட்டவர் அவரே. பொன் விளையும் பாறைகள் பெரும்பாலும் இத்தொகுதியைச் சார்ந்தவை. கோலாரின் தங்கவயலும் இதனுள் அடங்கும். 2001 இல் மூடப்படும்வரை அச்சுரங்கங்களின் ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1891 இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது ஃபூட்டின் அகவை ஐம்பத்தேழு. அவர் ஊர் திரும்பவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் அரசில் நிலவியலாளராகப் பணியேற்றார். பின்னர் மைசூர் அரசுக்கும் தொண்டாற்றினார். பரோடா அரசின் நிலவியலைப் பற்றிய அவருடைய நூல் 1898 இல் வெளிவந்தது. சபர்மதி ஆற்றின் கரையில் 1893 இல் அவர் கண்டது குறிப்பிடத்தக்கது. ஆற்றுப் படுகையின் அடியில் கெட்டிச் சரளையில் பழைய கற்காலக் கருவிகள் கிடந்தன. அதற்கு மேலே ஏறக்குறைய இருநூறு அடி உயரத்துக்கு மண் படிந்திருந்தது. மேற்பரப்பில் பிற்காலத்துக் கருவிகள் இருந்தன. இரு காலங்களுக்கும் இடையே நெடிய இடைவெளி இருந்திருக்க வேண்டுமென அதனால் அவர் முடிவு செய்தார். அவ்விடைவெளியில் என்ன நிகழ்ந்தது என்ற வினாவை எடுத்துக்கொண்டே 1941 இல் சங்காலியா குசராத்தில் தம் ஆய்வுப் பயணத்தைத் தொடங்கினார். லங்னாஜ் என்னுமிடத்தில் நுண்கருவிகளையும் மனித எலும்புக்கூடுகளையும் கண்டு அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பினார். ஃபூட் எழுப்பிய வினாவே அவருக்குப் பின்வந்தோருக்கு வழிகாட்டிற்று.

நாட்டுக்கு விட்டுச் சென்ற செல்வம்

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் திரட்டிய பொருள்கள் நான்காயிரத்தைத் தாண்டும். அவை கிடைத்த இடங்கள் நானூற்றைம்பதுக்கு மேற்பட்டவை. 1904 இல் அத்திரட்டு சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் இந்தியாவில் கிடைத்த எத்தனையோ அரும்பொருள்கள் கடல்கடந்து சென்றன. இத்திரட்டு நம் நாட்டிலேயே தங்கியது நம் நற்பேறு. வெறும் பொருள்களைக் கொடுத்ததோடு அவர் அமையவில்லை. எந்தக் கல் எந்த ஊரில், எந்த நிலையில் கிடைத்தது என்னும் விளக்கப் பட்டியலைத் தம் முதுமையிலும் உழைத்து எழுதினார். ஊர் தெரியாத கல் அருங்காட்சியகத்தில் வாய் திறவாது என்பதை உணர்ந்த உழைப்பு அது. அப்பட்டியல் அவர் மறைந்த பின் 1914 இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916 இலும் அச்சாயின.

முதுமைக் காலத்தை அவர் சேர்வராயன் மலைமீது ஏற்காட்டில் கழித்தார். மாமனார் பெர்சிவல் 1882 இல் மறைந்ததும் அம்மலையூரிலேயே. 1912 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள் கல்கத்தாவில் புரூஸ் ஃபூட் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு அகவை எழுபத்தெட்டு. ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் அவருடைய நினைவுச்சின்னம் உள்ளது. செல்டனாமில் பிறந்தவருக்குச் சேலத்து மலை இறுதி இருப்பிடமாயிற்று.

குறையும் நிறையும்

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மேற்பரப்பில் கிடைத்தவற்றைத் திரட்டுவதே பெரும்பாலும் அவர் முறை. இன்றைய ஆய்வாளர்போல் அங்குலம் அங்குலமாக அகழும் முறை அன்று வளர்ந்திருக்கவில்லை. அவருடைய கருவிகளுக்கு வயது இத்தனை ஆண்டு என்று சொல்லும் அறிவியலும் அன்று இல்லை. அயலாட்சியின் ஊழியராகவே அவர் வந்தார் என்பதும், அவர் கூடாரத்தைச் சுமந்து, குழிதோண்டி, வழிகாட்டிய நம் நாட்டு உழைப்பாளர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை என்பதும் நினைவில் இருத்தத்தக்கவை.

ஆயினும் கண்டதைக் கண்டவாறு எழுதியதால் அவர் உழைப்பு வீண்போகவில்லை. அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் முறைப்படி அகழ்ந்தனர். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் விட்டுச் செல்லும் அடையாளத்தையும், மண்ணில் பதிந்த பழைய காந்தத் திசையையும் கொண்டு வயதைக் கணித்தனர். அங்குள்ள கைக்கோடரிகள் பத்து இலட்சம் ஆண்டுக்குக் குறையாதவை, சராசரியாகப் பதினைந்து இலட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011 இல் அறிவித்தனர். அங்கே கருவி செய்யும் முறை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே புதிய நிலையை அடைந்தது என்று 2018 இல் வெளிவந்த ஆய்வு கூறியது. ஃபூட் கனவிலும் கருதியிராத தொன்மை இது.

நமக்குரிய பாடம்

இத்தொன்மையைக் கேட்டவுடன், பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழன் இருந்தான் என்று மேடையில் முழங்கிவிட வேண்டும் என்ற ஆசை நமக்கு எழலாம். அந்த ஆசையைச் சற்று அடக்கிக்கொள்வது நன்று. அக்கைக்கோடரியைச் செய்தவன் நம் போன்ற மனித இனமே அல்லன். நமக்கு முன் தோன்றி மறைந்த மற்றோர் இனத்தைச் சேர்ந்தவன். அவன் பேசிய மொழி யாது, பேசினானா என்பதையே எவரும் அறியார். அவனைத் தமிழன் என்றோ ஆந்திரன் என்றோ உரிமை கொண்டாடுதல் இயலாது. மொழிப் பற்று வேறு. வரலாற்று உண்மை வேறு. சான்று உள்ள அளவே பெருமை பேச வேண்டும் என்னும் நேர்மையைப் புரூஸ் ஃபூட்டின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கின்றது. ஒரு கல்லைக் கண்டவுடன் முழங்காமல், நூறு கல்லைத் தேடிக் கண்ட பின்னரே பேசியவர் அவர். அயலூரில் வாழும் நாம் நம் பெருமையை அயலார் முன் எடுத்துரைக்கும்போது இந்நேர்மை நமக்கு இருமடங்கு தேவை. மிகைப்படுத்திய ஒரு சொல், மெய்யான பத்துச் சொற்களின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

மற்றொரு கடமையும் உண்டு. பல்லாவரம் இன்று மாநகரோடு கலந்து வீடும் கடையும் நிறைந்துவிட்டது. ஃபூட் ஆராய்ந்த சரளைக் குழியை இனி நாம் அங்குத் தேடிப் பயனில்லை. பல்லாரிச் சாம்பல் மேடுகள் பலவற்றை வயலுக்கு எருவாகவும் சாலைக்குச் சல்லியாகவும் வாரிச் சென்றுவிட்டனர். குப்கல் பாறைகளைக் கல்லுடைக்கும் தொழில் நெருங்கி அச்சுறுத்தியது. கோயில் இடிந்தால் மீண்டும் கட்டலாம். ஏடு செல்லரித்தால் மற்றொரு படி எங்கேனும் கிடைக்கலாம். மண்ணடுக்கு ஒருமுறை கலைந்தால் கலைந்ததுதான். கருவிகள் கிடக்கும் மேடு ஒன்றை இயந்திரம் ஒரே நாளில் வாரிவிடும். அதைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதாது. அவ்வூரில் வாழும் மக்களுக்கு அதன் மதிப்புத் தெரிந்திருக்க வேண்டும். நாம் குடியிருக்கும் ஊர் எதுவாயினும், அதன் அருகிலும் இத்தகைய மேடும் பாறையும் இருத்தல் கூடும். அது தமிழ்நாட்டில் இல்லை என்பதற்காக நம்முடையதன்று என்று எண்ணலாகாது. சென்னையில் கண்ட கண்ணாலேயே பரோடாவிலும் கண்டவர் ஃபூட்.

பள்ளி விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் சென்னையில் ஒரு நாள் தங்க நேர்ந்தால், எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே வெண்கலச் சிலைகளைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். கற்கருவிகள் இருக்கும் இடத்தில் அவ்வளவு கூட்டம் இராது. நின்று நிதானமாகப் பார்க்கலாம். இயலுமாயின் அத்திரம்பாக்கத்துக்கு அருகே பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்கும் செல்லலாம். ஒரு கைக்கோடரியைக் காட்டி, இதன் எந்தப் பக்கம் கையில் பிடிப்பது, எந்தப் பக்கம் வெட்டுவது என்று குழந்தையையே கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடும் குழந்தை, 1863 இல் பல்லாவரத்தில் அந்த இளைஞர் குனிந்து பார்த்த அதே பார்வையைப் பெற்றுவிடும்.